முதல் பெயின்டுக்கு முன்னா, பின்னா? வெளிப்பூட்டு இ-டைப் ஒன்றின் உடலை ஆராய்தல்

ஜாகுவார் இ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானது. முதல் 500 கார்களில் பானட்டை, அதாவது இன்ஜின் மூடியை, திறக்கக் காருக்குள் கைப்பிடி கிடையாது. கதவுக்குச் சற்று முன்னால், பானட்டின் இரு பக்கக் கீழோரத்திலும் குரோம் மூடி போட்ட ஒரு பூட்டு இருக்கும். 'டி' வடிவச் சாவியைச் செருகித் திருப்பினால்தான் பானட் விடுபடும். சாவி தொலைந்தால் எண்ணெய் அளவுகூடப் பார்க்க முடியாது. இந்தத் தொல்லையால் 500 கார்களோடு அந்த ஏற்பாடு நின்றது. அதற்குப் பிறகு வந்தவற்றில் காருக்குள்ளேயே, கதவுக் கீல் முகப்புக்கு அருகில், பக்கத்துக்கு ஒரு கைப்பிடி.

அந்த 500 பிரியும் விதம் இது. வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள திறந்த கார்கள் 850001 முதல் 850091 வரை, 91. இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள திறந்த கார்கள் 875001 முதல் 875385 வரை, 385. கூபேக்களில் (நிலையான கூரை உள்ள கார்கள்) வலப்பக்கம் 860001 முதல் 860004 வரை நான்கே நான்கு. இடப்பக்கம் 885001 முதல் 885020 வரை இருபது. ஜெனீவாவில் காட்டப்பட்ட சாம்பல் நிறக் கூபே 9600 எச்.பி. இந்த இருபதில் ஒன்று. அதன் எண் 885002. பரிசோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் காவன்ட்ரியிலிருந்து இரவோடிரவாக ஜெனீவாவுக்கு ஓட்டிச் சென்ற பச்சை 77 ஆர்.டபிள்யூ. திறந்த கார்களில் ஒன்று.

இந்த வரிசைக் கார்களுக்கு இன்று தனி விலை. அதனால் வெளிப்பூட்டு இல்லாத காருக்கு வெளிப்பூட்டு வைத்தவர்கள் உண்டு. இருந்ததை எடுத்துவிட்டு, முப்பது வருடம் கழித்துத் திரும்ப வைத்தவர்களும் உண்டு. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

கீழே ஆராயப்படுவது குறிப்பிட்ட ஒருவரின் கார் அல்ல. இந்த வரிசையில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களைச் சேர்த்து ஒரே காராக வைத்துப் பார்க்கிறோம். திறந்த கார், இடப்பக்க ஸ்டீயரிங், எண் 875385க்கு உட்பட்டது, அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பியது. மேலே பளபளக்கும் சிவப்பு. பானட்டில் இரு பக்கமும் வெளிப்பூட்டு. தரையில் குதிகால் பள்ளம். கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில், கம்பளத்துக்கு அடியில், ஒட்டுப்போட்ட தடம். இவற்றில் எது ஆலையில் செய்தது, எது பிறகு நடந்தது என்பதுதான் கேள்வி.

எண் இருக்கும் இடமே சிக்கல்

பெரும்பாலான கார்களில் சேசிஸ் எண் உடலோடு பிரிக்க முடியாதபடி இருக்கும். இ-டைப்பில் அப்படியில்லை. நடு உடற்கூடு தகட்டால் ஆன ஒரே பெட்டி. அதன் முன் சுவரில் போல்ட் போட்டு மாட்டிய குழாய்ச் சட்டங்கள்தான் இன்ஜினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்குகின்றன. ரெனால்ட்ஸ் 531 எஃகுச் சதுரக் குழாய்களைப் பிரேசிங் செய்து (பித்தளையை உருக்கி இணைத்து) ஆக்கியவை அவை. அவற்றில் முன்னால் குறுக்காக நிற்பதைப் பட்டறைகளில் 'பிக்சர் ஃபிரேம்' என்பார்கள். கார் எண் அடிக்கப்பட்டிருப்பது அதன் மேல் குழாயில், வலப்பக்க ஷாக் அப்சார்பர் பிடிப்புக்கு மேலே. சில போல்ட்டுகளைக் கழற்றினால் எண் தனியாக வந்துவிடும். பானட்டும் முன்னால் கீலில் நிற்பதுதான். அதுவும் தனியாக வந்துவிடும்.

அதாவது இந்தக் காரில் எண் உள்ள சட்டம், உடற்கூடு, பானட் மூன்றும் தனித்தனியாகப் பயணம் செய்யக்கூடியவை. ஒன்று அசல் என்பது மற்ற இரண்டுக்கும் சான்று ஆகாது. மூன்றையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். மதிப்பீட்டில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருகின்றன: எண் சரியாக இருக்கிறது, ஆகவே கார் சரி என்று முடித்துவிடுகிறார்கள்.

முதலில் காகிதம். ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழ் ஆலைப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுவது. கார் எண், இன்ஜின் எண், கியர்பாக்ஸ் எண், உடல் எண், வெளி நிறம், இருக்கை நிறம், கூரைத் துணியின் நிறம், தயாரித்த நாள், அனுப்பிய நாள், முதல் விற்பனையாளர் ஆகியவை அதில் இருக்கும். திறந்த கார்களின் உடல் எண்ணுக்கு 'ஆர்' என்ற முன்னெழுத்து. பானட் பூட்டு எந்த வகை, தரை எந்த வகை என்று அதில் ஒரு வரியும் இருக்காது. எண்களை ஒப்பிட அது போதும். தகட்டைப் பற்றிக் கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

அடித்த எண்ணைப் படிப்பதற்குக் கம்பித் தூரிகை வேண்டாம். பெயின்ட் கரைக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு வைத்து, மரக் குச்சியால் வழித்தெடுக்க வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் குழாயோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் ஆழம் தெரியும். கையால் அடித்த எண் என்பதால் இலக்கங்கள் சற்றே மேலும் கீழுமாக இருப்பது இயல்பு. கோடு போட்டது போல் ஒழுங்காக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு பள்ளமாக இருக்கிறதா என்று ஒரு எஃகு ஸ்கேலின் விளிம்பை வைத்துப் பாருங்கள். பழைய எண்ணைக் கிரைண்டரால் தேய்த்து எடுத்திருந்தால் ஸ்கேலுக்குக் கீழே வெளிச்சம் தெரியும். சிறு முனை கொண்ட அல்ட்ராசானிக் தடிமன் அளவி இருந்தால், அதே குழாயின் வேறொரு முகத்தோடு ஒப்பிடலாம்.

முதல் தொடர் இ-டைப்பில் இந்தச் சட்டங்கள் காரின் நிறத்திலேயே பெயின்ட் செய்யப்பட்டவை. கறுப்பாக இருந்தால் யாரோ கழற்றி வேலை செய்திருக்கிறார்கள் என்று பொருள். சட்டம் மாற்றப்பட்டது என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. நம் காரில் கறுப்புக்கு அடியில் சிவப்பு, சிவப்புக்கு அடியில் மங்கிய வெண்ணிறம். சான்றிதழில் உள்ள வெளி நிறம் 'கிரீம்'. எண்ணின் பள்ளத்துக்குள்ளும் அந்த வெண்ணிறம் இருக்கிறது. பெயின்டுக்கு முன் அடித்த எண் அது; சட்டம் சரி.

இந்த ஆய்வு முழுவதையும் தாங்கும் கேள்வியும் அதுதான். ஒரு துளையோ, வெல்டிங்கோ, மடிப்போ ஆலையில் நடந்ததென்றால் அதன் மேல் முதல் பெயின்ட் இருக்கும். பிறகு நடந்ததென்றால் முதல் பெயின்ட் அங்கே வெட்டுப்பட்டிருக்கும் அல்லது எரிந்திருக்கும். வடிவத்தைப் போலி செய்யலாம். அறுபது வருடத்துப் பெயின்ட் அடுக்கின் வரிசையைப் போலி செய்வது மிகக் கடினம்.

ஆகவே பெயின்டை உரிப்பதற்கு முன்னால் ஆய்வு முடிந்திருக்க வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கார் வந்த மறுநாளே உடற்கூட்டை மணல் பீய்ச்சும் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்த வெள்ளித் தகட்டைப் பார்த்து 'அசலா?' என்று கேட்டால் பதில் சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது.

அடுக்கைத் திறந்து படிப்பது

கம்பளம், கதவுப் பலகை, டாஷ்போர்டின் மேல் உறை, டிக்கிக் கீலின் பின்புறம், பானட்டின் காற்றுக்குழாய் உட்புறம் ஆகியவை பிறகு பெயின்ட் செய்பவரின் துப்பாக்கி எளிதில் எட்டாத இடங்கள். முதலில் அங்கே பாருங்கள். பிறகு, சந்தேகமுள்ள ஒவ்வொரு இடத்திலும் ஏறக்குறைய 25 மி.மீ. வட்டத்தில், தண்ணீர் விட்டு 400 எண் உப்புக்காகிதத்தில் நடுவைத் தகடு வரை தேய்த்து, 800இலும் 1500இலும் ஓரங்களை விரித்துக்கொண்டே போனால் அடுக்குகள் மரத்தின் வளையம்போல் தெரியும். தகட்டிலிருந்து வெளியே எண்ணி, நிறத்தையும் பிரைமரையும் தனித்தனியாக எழுதிக்கொண்டு, அளவுகோலோடு படம் எடுங்கள். உடலில் பத்துப் பன்னிரண்டு இடங்கள் போதும்.

நம் காரின் பின் பக்கத் தகட்டில் வரிசை: பிரைமர், கிரீம், வேறொரு பிரைமர், அடர் பச்சை, பிரைமர், சிவப்பு. பானட்டின் நடுவிலோ: கறுப்பு பிரைமர், அடர் பச்சை, பிரைமர், சிவப்பு. கிரீம் இல்லை.

இங்கேயே பாதி விடை வந்துவிட்டது. கார் கிரீமாக இருந்த காலத்தில் இந்த பானட் அதில் இல்லை. பச்சையடித்தபோது வந்து சேர்ந்திருக்கிறது. நேராகவே மோதி பானட் நசுங்கும் வடிவம் கொண்ட கார் இது. நீண்ட மூக்கு முழுக்க ஒரே பாகம். இளமையில் ஒரு மோதல், புதிய பானட், அதோடு முழுக் காருக்கும் புது நிறம் என்பது அமெரிக்காவில் ஓடிய இ-டைப்களில் அடிக்கடி காணும் வரலாறு.

பானட்டே சொல்வது

முதல் பெயின்ட் இல்லாத கார் வந்தால்? அப்போதும் பானட் பேசும். தொடக்க கால பானட்டில் காற்றுத் திறப்புகள் (லூவர்) உள்ள பகுதிகள் தனித் தகடுகளாக அழுத்தி எடுக்கப்பட்டு, பானட்டின் நடுப்பாகத்தில் வெட்டிய இடத்தில் பொருத்தி இணைக்கப்பட்டவை. மேலே இணைப்பு தெரியாமல் மெழுகியிருப்பார்கள். கீழே படுத்துப் பார்த்தால், திறப்புகளின் கூட்டத்தைச் சுற்றிச் சதுரமாக ஒரு விளிம்புக் கோடு ஓடும். பிறகு வந்தவற்றில் திறப்புகள் நடுப்பாகத்தோடு ஒரே தகட்டில் அழுத்தப்பட்டவை. கீழே கோடு இருக்காது.

இந்த மாற்றம் வெளிப்பூட்டு நின்ற அதே நாளில் நடக்கவில்லை. இணைத்த லூவர் பானட், உள் கைப்பிடிக் கார்களிலும் சில காலம் தொடர்ந்தது. இதிலிருந்து வரும் தர்க்கத்தைத் தலைகீழாகப் பிடித்துவிடக் கூடாது. வெளிப்பூட்டு வரிசைக் காரில் ஒரே தகட்டு லூவர் இருந்தால் அந்த பானட் மாற்றப்பட்டது. உள் கைப்பிடிக் காரில் இணைத்த லூவர் இருந்தால் அது தவறில்லை. 1961இன் காராக இருந்தால் அதுவே சரியாகவும் இருக்கலாம். இணைத்த லூவரைக் கண்டதும் 'வெளிப்பூட்டுக் கார்தான், யாரோ மாற்றிவிட்டார்கள்' என்று தீர்ப்பு எழுதியவர்கள் உண்டு.

நம் காரின் பானட்டில் கீழே கோடு இல்லை. பூட்டு மூடியைக் கழற்றினால் துளையின் ஓரத்தில் அரத்தின் கீறல்கள் குறுக்காகத் தெரிகின்றன. பச்சை பெயின்ட் துளையின் விளிம்பில் நின்றுவிடுகிறது. சிவப்பு மட்டும் வெட்டு முகத்தில் உள்ளே இறங்கியிருக்கிறது. பச்சைக்குப் பின், சிவப்புக்கு முன் வெட்டிய துளை. யாரோ பிற்கால பானட்டில் பழைய பூட்டைத் திரும்ப வைத்திருக்கிறார்கள்.

பானட்டின் பக்க மட்கார்டுகள் நடுப்பாகத்தோடு சேரும் இடத்தில் விளிம்புகளுக்கு நடுவே ஒரு பளபளப்பான பட்டை இருக்கும். விளிம்புகள் கீழிருந்து போல்ட்டால் இறுக்கப்பட்டவை. அந்த போல்ட்டுகளின் மரையையும் பாருங்கள். இந்தக் காரில் இருக்க வேண்டியது யூனிஃபைடு எனும் அங்குல அளவு மரை. அதன் நுண்மரை வகையான 5/16 யு.என்.எஃப். போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. மெட்ரிக் அளவான எம்8 போல்ட் 8 மி.மீ., 1.25 மி.மீ. இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மரை அளவியை வைத்தால்தான் தெரியும். எம்8ஐ யு.என்.எஃப். நட்டுக்குள் முறுக்கி ஏற்றி மரையைக் கெடுத்திருப்பதும் அடிக்கடி காணக்கிடைக்கும்.

உடற்கூடு: கம்பளத்துக்கு அடியில்

பானட் மாற்றப்பட்டது தெளிவாகிவிட்டது. இனி கனமான கேள்வி: உடற்கூடு அந்த எண்ணோடு பிறந்ததா, அல்லது பிற்கால உடலில் ஆரம்பகாலச் சட்டத்தை மாட்டியிருக்கிறார்களா? இதற்கு மூன்று இடங்கள் போதும்.

ஒன்று, தரை. முதல் இ-டைப்களின் தரை தட்டையானது. உயரமானவர்களின் காலுக்கு இடம் போதவில்லை என்று 1962இன் தொடக்கத்தில் குதிகால் வைக்கப் பள்ளம் கொடுத்தார்கள். வெளிப்பூட்டுக் கார் என்றால் தட்டைத் தரை இருந்தே ஆக வேண்டும். நம் காரில் பள்ளம். ஆகவே உடல் பிற்காலத்தது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. இந்தக் கார்களில் முதலில் துருப்பிடித்து விழுவது தரைதான். பல வருடங்கள் கடையில் கிடைத்த மாற்றுத் தரை பள்ளம் உள்ள வகையே.

தரையின் ஓர மடிப்பைப் பார்த்தால் விடை தெரியும். ஆலையின் ஸ்பாட் வெல்டிங் இடுக்கி போன்ற இரு முனைகளால் அழுத்தி இணைப்பது. மேலும் கீழும் ஒரே இடத்தில் 5, 6 மி.மீ. அளவில் மென்மையான வட்டக் குழி விழும். கையால் பிடித்த கருவி என்பதால் இடைவெளி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். மாற்றுத் தரையை வைப்பவர் துளையிட்டு மிக் வெல்டிங்கால் (கம்பியை உருக்கி நிரப்பும் முறை) நிரப்பியிருப்பார். ஒரு பக்கம் மட்டும் எரிமலை வாய்போல் மேடு, அல்லது கிரைண்டர் ஓட்டிய தடம். நம் காரின் 'சில்' (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி) ஓரத்தில் இரண்டும் உண்டு: பழைய ஸ்பாட்டைத் துளையிட்டு விடுவித்த வட்டங்கள், அவற்றுக்கு நடுவே மிக் நிரப்பல். சில்லின் உள்முகத்தில் கிரீம் இருக்கிறது, தரையில் இல்லை. தரை மாற்றம். உடலைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு, இருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்பு. திறந்த கார்களில் இருக்கை இன்னும் பின்னால் போகட்டும் என்று 1962இல் இந்தத் தடுப்பில் குழிவு கொடுத்தார்கள். தரையைப்போல் இது எளிதில் துருப்பிடித்து மாற்றப்படும் பாகம் அல்ல. ஆகவே தரையைவிட இதன் சாட்சியம் வலுவானது. நம் காரில் தடுப்பு நேராக இருக்கிறது. தரையில் பள்ளம், தடுப்பு நேர்: ஆரம்பகால உடலுக்குப் பிற்காலத் தரை. தரையில் பள்ளமும் தடுப்பில் குழிவும் சேர்ந்து இருந்திருந்தால் உடலே மாறியிருக்கிறது என்று தீவிரமாகச் சந்தேகிக்க வேண்டியிருக்கும். ஆனால் இந்தச் சாட்சி உடலை 1962க்கு முந்தையது என்ற அளவுக்குத்தான் கொண்டுவரும். முதல் 500இல் ஒன்று என்று சொல்லாது.

மூன்றாவது, அந்த ஒட்டுத் தடம். கைப்பிடிக்கான திறப்பு இருந்து அதை அடைத்திருக்கிறார்கள் என்பது தெளிவு. அந்தத் திறப்பு ஆலையில் வந்ததா? வந்ததென்றால் உடற்கூடு 501வது காரோ அதற்குப் பிந்தையதோ. ஆலைக்குப் பிறகு வெட்டியதென்றால் வெளிப்பூட்டு உடலில் பானட் மாற்றியபோது போட்ட திறப்பு. லட்சக்கணக்கில் விலை மாறும் கேள்விக்கு விடை நாலு விரல் அகலத் தகட்டில் இருக்கிறது.

ஒட்டை அவசரமாக அறுத்து எடுத்துவிடாதீர்கள். முதலில் பின்புறத்திலிருந்து சிறு கண்ணாடியும் எண்டோஸ்கோப்பும் வைத்துப் பாருங்கள். முன்புறம் தேய்த்துச் சமமாக்கியிருந்தாலும், பின்புறத்தில் திறப்பின் பழைய விளிம்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆலையில் அச்சில் வெட்டியதென்றால் விளிம்பு சுத்தமாக, ஒரே பக்கம் பிசிறு தள்ளியிருக்கும். இரு பக்கமும் ஒரே வடிவம், ஒரே இடம். கையால் வெட்டியதென்றால் டிரில் துளைகளைத் தொடராகப் போட்டு அரத்தால் இணைத்த அலைகள் தெரியும். இடமும் வலமும் சில மில்லிமீட்டர் வேறுபடும்.

இதை மட்டும் நம்பி நின்றுவிடக் கூடாது. பூட்டு மாறிய நாட்களில் ஏற்கெனவே செய்து வைத்திருந்த உடல்களில் ஆலை ஊழியர்களே கையால் திறப்புப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. அரத்தின் தடம் இருப்பதாலேயே ஆலைக்குப் பிந்தையது என்று சொல்ல முடியாது. மறுபடியும் பெயின்டிடம்தான் போக வேண்டும். விளிம்பின் வெட்டு முகத்தை நன்றாகப் பாருங்கள். வெல்டிங் சூடு பெயின்டை எரித்திருக்கும் என்பதால் ஒட்டிலிருந்து விலகிய மூலைகளில் தேட வேண்டும். நம் காரின் இடப்பக்கத் திறப்பின் மேல் மூலையில், வெட்டு முகத்தில் கிரீம் இல்லை; பச்சை நேராக வெறும் தகட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சுற்றியுள்ள சுவரிலோ பச்சைக்கு அடியில் கிரீம் முழுதாக உண்டு.

கிரீம் காய்ந்த பிறகு வெட்டிய திறப்பு. உடற்கூடு பிறந்தபோது அங்கே கைப்பிடி இல்லை. அது வெளிப்பூட்டு உடல். சான்றிதழின் உடல் எண், காரில் ரிவெட் அடித்த தகட்டின் எண்ணோடு பொருந்துகிறது, ரிவெட்டின் தலையிலும் கிரீம் துளி இருக்கிறது என்பதையும் சேர்த்தால் வழக்கு முடிந்தது.

காரீயமும் பட்டியும்

ஒரு கருவியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பெயின்ட் தடிமன் அளவி, இரும்புக்கும் தன் முனைக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் அளக்கிறது. 100 முதல் 200 மைக்ரான் காட்டினால் மெல்லிய பெயின்ட். 400க்கு மேல் போனால் பல முறை அடித்தது. 1000ஐத் தாண்டினால் பட்டி என்பது பட்டறை வாய்ப்பாடு. இந்தக் காலத்துக் கார்களில் அது தவறான இடத்தில் கொண்டுவிடும். உடல் தகடுகள் சேரும் இடங்களை ஆலையிலேயே காரீயக் கலவையால் நிரப்பிச் சமமாக்கினார்கள். காரீயமும் காந்தத்தில் ஒட்டாது. அதன்மேல் அளவி 1500, 2000 என்று காட்டும், காந்தமும் விழும். அசலான இணைப்பைப் பட்டி என்று நினைத்துத் தோண்டி எறிந்தவர்கள் உண்டு.

நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம். கார் உடலுக்குப் போடுவது காரீயமும் வெள்ளீயமும் சேர்ந்தது. வழக்கமாக 70க்கு 30. 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, 255 டிகிரி அளவில்தான் முழுதும் உருகும். இடைப்பட்ட சூட்டில் வெண்ணெய்போல் இருப்பதால் மரப்பலகையால் இழைத்து வடிவம் கொடுக்க முடிகிறது. ஊசியால் மறைவிடத்தில் கீறினால் காரீயம் பளிச்சென்ற சாம்பல் கோடாகும். பட்டி பொடியாக உதிரும். இதே உருகுநிலையால்தான் பெயின்டை அடுப்பில் வைத்து எரித்து எடுக்கும் முறை இந்த உடலுக்கு ஆகாது. அங்கே சூடு 400 டிகிரியை ஒட்டிப் போகும். காரீயம் முழுதும் வழிந்துவிடும், பானட்டுக்குள் பசையால் ஒட்டிய பாகங்களும் விட்டுவிடும். அமிலத் தொட்டியும் வேண்டாம். மடிப்புக்குள் தங்கிய அமிலம் புதுப் பெயின்டுக்கு அடியிலிருந்து வெளியே வரும். காரீயத்தை அரத்தால் மட்டும் சீவ வேண்டும். சாண்டர் ஓட்டினால் தூள் மூச்சில் போகும், அது நஞ்சு.

தகட்டுத் தடிமனும் ஓரளவு உதவும். அன்றைய பிரிட்டிஷ் அளவில் 20ஆம் எண் தகடு 0.914 மி.மீ., 18ஆம் எண் 1.219 மி.மீ. இன்றைய மாற்றுப் பலகைகள் பெரும்பாலும் 0.8, 0.9, 1.0 என்ற மெட்ரிக் தகட்டில் வருகின்றன. ஒரே பலகையில் திடீரென்று எண் மாறும் கோடுதான் தேட வேண்டியது. தனி ஒரு அளவைக்கொண்டு எதுவும் சொல்லக் கூடாது.

என்ன செய்வது

மூன்று சொற்களைக் கலக்காமல் வைத்துக்கொண்டால் முடிவெடுப்பது எளிது. 'அசல்' என்றால் இந்தக் காரோடு பிறந்தது. 'சரியான வகை' என்றால் அந்த மாதத்துக் காரில் இருந்திருக்க வேண்டிய வடிவம், ஆனால் இந்தக் காருடையது அல்ல. 'மறுவார்ப்பு' என்றால் இன்று செய்தது. நம் காரில் சட்டமும் உடற்கூடும் அசல். தரை சரியான வகையும் அல்ல. பானட் ஜாகுவாருடையது, ஆனால் வேறு காலத்தது.

தரையைத் தட்டை வகைக்கு மாற்றலாம். அசல் தகடு எதையும் இழக்காத வேலை அது. புதிய தரையை வைக்கும்போது பழைய ஸ்பாட் துளைகளின் இடத்திலேயே வெல்டிங் செய்தால் சில்லின் ஓரம் மேலும் பலவீனமாகாது. தரையை வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்புகளின் குறுக்களவை எடுத்து, இரும்புக் குழாயால் கதவுத் தூண்களைப் பிணைத்துவிட வேண்டும். திறந்த காருக்குக் கூரையின் உதவி கிடையாது. தரையும் சில்லும் விட்டதும் உடல் நடுவில் தொய்யும், பிறகு கதவு ஒருநாளும் சரியாக மூடாது. ஒரே நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்.

பானட் பற்றி இரு கருத்து உண்டு. இணைத்த லூவர் கொண்ட மறுவார்ப்பு பானட் இன்று செய்து வாங்க முடியும். கார் பார்க்க 1961 ஆகிவிடும். எங்கள் தேர்வு அது அல்ல. இப்போதுள்ள பானட் அறுபதுகளிலோ எழுபதுகளிலோ இந்த உடலின் மேல் விளிம்புக்குப் பொருத்தப்பட்டு, அந்தக் காரோடு வாழ்ந்த ஜாகுவார் தகடு. அதை வைத்துக்கொண்டு, வெளிப்பூட்டை அப்படியே விட்டு, பானட் மாற்றப்பட்டது என்று எழுதிவைப்பது காருக்கு நேர்மையானது. உரிமையாளர் மறுவார்ப்பையே விரும்பினால் பழைய பானட்டை விற்கக் கூடாது, காரோடு வைத்திருக்க வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டியூரின் சாசனம் புதிதாகச் செய்த பாகங்களை நிரந்தரமாக அடையாளமிடச் சொல்கிறது. பானட்டின் உள் விளிம்பில் 3 மி.மீ. எழுத்தில் ஆண்டை அடித்துவிட்டால் போதும்.

இன்னொன்று: எந்த பானட்டை வைத்தாலும் இரு பக்க இடைவெளிகளையும் ஒரே சீரான 3 மி.மீ. ஆக்கக் காரீயத்தை ஏற்றி இறக்க வேண்டாம். இந்த உடல்கள் கையால் பொருத்தப்பட்டவை. இடமும் வலமும் பிறப்பிலேயே வேறுபட்டவை. அசல் இணைப்பைச் சீவி எறிந்துவிட்டு இன்றைய காரின் ஒழுங்கைக் கொண்டுவந்தால், அறுபது வருடம் தப்பி வந்த தகட்டு வேலை நம் கையில் போய்விடும்.

பக்கச் சுவரின் ஒட்டுகளைப் பின்புறம் தொடாமல் முன்புறம் மட்டும் சமமாக்கினோம். கிரீமும் பச்சையும் தெரியும் அந்த மேல் மூலையில் புதுப் பெயின்ட் படாமல் தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சு. கம்பளத்தைத் தூக்கினால் தெரியும். அடுத்து வந்து பார்ப்பவர் அதையே தேய்த்துப் படிக்கலாம்.